பாடத்திட்டத்தைக் கேட்காதீர்கள், பிள்ளைகளைக் கேளுங்கள்

கேள்வி: கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது கோலாலம்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவர். எங்கள் வாடிக்கையாளர்களின் இணையச் செயலிகள் பல, அடோபியின் கோல்ட்ஃபியூஷன் என்ற மொழியில் ஓடுகின்றன. ஆள் தேவை என்று விளம்பரம் போட்டால், வருகிறவர்களுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் படிக்கும் ஒரு பொலிடெக்னிக்குக்குப் போய், “இதைப் பாடமாக வையுங்கள், சம்பளமில்லாமல் வந்து சொல்லித்தருகிறேன்” என்றேன். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடோபி நிறுவனமே நேரில் பேசினால் கல்லூரிகள் கேட்குமா?
– வாசகர், ரிங்லெட்

பதில்: அடோபி பேசிப் பார்த்துவிட்டது. 2000-களின் இறுதியிலேயே மாணவர்களும் ஆசிரியர்களும் கல்விக்காகக் கோல்ட்ஃபியூஷனைக் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். கல்லூரிகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக, விலை மட்டும் தடையில்லை.

விரிவுரையாளர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். 1995-இல் அலேர் சகோதரர்கள் இந்த மொழியைக் கொண்டுவந்தபோது, தரவுத்தளத்தில் இருப்பதை இணையப் பக்கத்தில் காட்ட இரண்டு மூன்று குறிச்சொற்கள் போதும் என்பது பெரிய அதிசயம். 2001-இல் மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்குப் போனது. 2005-இல் அந்த மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. பத்தாண்டில் மூன்று முதலாளிகள். அதே மேக்ரோமீடியாவிடமிருந்து வந்த ஃபிளாஷ் மென்பொருளைக் கல்லூரிகள் ஆசையாகப் பாடமாக வைத்திருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் அடோபியே அதற்குக் கதவைச் சாத்தியது. விஷுவல் பேசிக் 6 மொழிக்கு மைக்ரோசாஃப்ட் 2008-இல் ஆதரவை நிறுத்திய பிறகும், தமிழ்நாட்டில் பிசிஏ மாணவர்கள் பல ஆண்டுகள் அதையே எழுதித் தேர்வானார்கள். ஒரு நிறுவனத்தின் சொத்தான மொழியைப் பாடத்தில் ஏற்றினால், இறக்குவதற்கு ஆள் கிடைப்பதில்லை. இதெல்லாம் தெரிந்த விரிவுரையாளர் தயங்குவதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் தட்டிய கதவே வேறு. அரசு பொலிடெக்னிக்குகளின் பாடத்திட்டம் ஒவ்வொரு வளாகத்திலும் எழுதப்படுவதில்லை. உயர்கல்வி அமைச்சின்கீழ் இருக்கும் பொலிடெக்னிக், சமூகக் கல்லூரிக் கல்வித் துறைதான் அதை வகுக்கிறது. உங்களுக்குத் தேநீர் கொடுத்தவர் மனம் வைத்தாலும் ஒரு வரியை மாற்ற முடியாது. தனியார் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் அதிகம். ஆனாலும் எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய முகவாண்மையின் விதிகளுக்கு உட்பட்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் முழுச் சீராய்வு நடக்கும். புதிதாக நட்ட தேயிலை கொழுந்து கொடுக்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளையான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாடத்திட்டமும் அந்தக் கணக்குத்தான்.

பிஎச்பி என்ற இணைய மொழி மட்டும் கல்லூரிக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்பீர்கள். அது திறந்த மூல மொழி; அதை எந்த நிறுவனமும் விற்கவில்லை. மாணவர்கள் அதை ஓட்டும் எக்ஸாம்ப் மென்பொருளைப் பென்டிரைவில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். 2004-இல் மலேசிய அரசாங்கமே பொதுத்துறையில் திறந்த மூல மென்பொருளுக்கான பெருந்திட்டத்தை அறிவித்தது. படித்தால் வேலை இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. விரிவுரையாளருக்கு அதற்குமேல் வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

அதனால் பாடத்திட்டத்தை விடுங்கள். பொலிடெக்னிக் டிப்ளமோவில் ஒரு பருவம் முழுக்கத் தொழிற்பயிற்சி. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இடம் தேடித் துறைகள் அலைகின்றன. “மூன்று பேரை எடுக்கிறேன், படித்தொகை தருகிறேன், தேறினால் வேலை” என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். அதே வாசலில் வரவேற்பு வேறு மாதிரி இருக்கும். வருகிறவருக்குத் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லும் வேறு ஏதாவது ஒரு மொழியும் தெரிந்திருந்தால் கோல்ட்ஃபியூஷனைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்; இந்த மொழியின் பெரிய நல்ல குணமே அதுதான். முறைப்படி அமைத்த தொழிற்பயிற்சிக்கு நிறுவனங்களுக்கு இரட்டை வரிக்கழிவு கொடுத்துவந்தார்கள். அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப்பிடம் இப்போதைய நிபந்தனைகளைக் கேளுங்கள். உங்கள் நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்கு மாதாமாதம் ஒரு விழுக்காடு லெவி கட்டிவந்தால், வேலையில் சேர்த்தபின் கொடுக்கும் பயிற்சிக்கு அந்தப் பணத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். பல முதலாளிகள் லெவியைக் கட்டுவதோடு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது புரிந்ததே இல்லை.

தமிழ்நாட்டில் இரண்டு வழியும் நடந்திருக்கின்றன. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் நிறுவனங்களின் கருவிகள் பொறியியல் மாணவர்களின் பருவப் பாடங்களுக்குள்ளேயே வந்தன. ஆனால் அதற்கு ஒரு மாநில அரசே பின்னால் நின்றது. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ அப்படிக் காத்திருக்கவில்லை. 2000-களின் நடுவில் தானே பள்ளி தொடங்கி, மேல்நிலைப் பள்ளியும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்து எடுத்து, தனக்கு வேண்டியதைக் கற்பித்து வேலைக்கு வைத்துக்கொண்டது. பிறகு தென்காசிப் பக்கமும் நடத்தினார்கள். உங்கள் நிறுவனம் அவ்வளவு பெரியதாக இருக்காது. ஆனால் உங்களுக்கு வேண்டியதும் மூன்று பேர்தானே?

ஓர் எச்சரிக்கை. பழைய செயலிகளைப் பராமரிப்பதற்கு மட்டும் பிள்ளைகளை எடுத்தால், பத்தாண்டு கழித்து அவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதற்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டும். கூடவே ஒரு புதிய வேலையிலும் அவர்களை உட்கார வையுங்கள்.

கேள்வி: மகள் எஸ்பிஎம் முடித்துவிட்டாள். கோலாலம்பூரில் இருக்கும் மாமா, “கோல்ட்ஃபியூஷன் படித்தால் போட்டியே இல்லை, வேலை உறுதி” என்கிறார். அதைச் சொல்லித்தரும் கல்லூரியாகப் பார்த்துச் சேர்க்கட்டுமா? தோட்டத்தில் இணையமும் சரியாகக் கிடைப்பதில்லை.
– ஒரு தாய், புளூ வேலி

பதில்: வேண்டாம் அம்மா. போட்டி குறைவு என்றால் வேலையும் குறைவு என்பதை மாமா சொல்லாமல் விட்டுவிட்டார். எஸ்கியூஎல், எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் நன்றாகக் கற்றுத்தரும் இடமாகப் பாருங்கள். அவை எங்கும் செல்லும். மாமாவின் மொழியில் மகளுக்கு ஆர்வம் இருந்தால் அதற்குக் கல்லூரிக் கட்டணம் தேவையில்லை. அடோபியே டெவலப்பர் பதிப்பை இலவசமாகத் தருகிறது. அதே மொழியை ஓட்டும் லூசீ என்ற திறந்த மூல மென்பொருளும் இருக்கிறது. தானா ராத்தா நகருக்கு வரும்போது லூசீயையும் அதன் கையேட்டையும் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு தோட்டத்தில் சிக்னல் இல்லாத நாளிலும் அவள் கணினியில் ஓடும்.