குழந்தைகளின் மன அச்சமும் பஞ்சாயத்தின் கடமையும்

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டிற்கு, ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகப் பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் வருவது வழக்கம். அவற்றால் நேரும் பயிர்ச் சேதத்தை நாம் கணக்கிடுகிறோம். நஷ்ட ஈடும் கோருகிறோம். ஆனால், தந்தை இரவுக் காவலுக்குச் சென்றிருக்க, வெடிச் சத்தம் கேட்டு நடுங்கும் குழந்தைக்கு நேரும் சேதம் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. குடிப்பழக்கமும் ஓயாத சச்சரவும் நிறைந்த இல்லங்களில் வளரும் குழந்தைகளின் நிலையும் இத்தகையதே.

அச்சம் தோன்றியவுடன், மூளையின் ஏவலால் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் முதலியவற்றைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கியதும் இச்சுரப்பு தணிவதே இயற்கை. பெரியோர் துணையுடன் சிறு சோதனைகளைக் கடக்கும் குழந்தைக்கு இதனால் கேடில்லை. ஆறுதல் சொல்வாரின்றி அச்சம் நெடுநாள் நீடித்தாலோ, நினைவாற்றலுக்கும் உணர்ச்சிகளை அடக்குவதற்கும் உரிய மூளைப் பகுதிகளின் வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். பாடத்தில் கவனமின்மை, தூக்கமின்மை, அடிக்கடி சினம் கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகளாகலாம். இவற்றைச் சோம்பலென்றும் அடங்காமையென்றும் கருதி அடிப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும்.

எனினும், துன்பத்தில் வளர்வோர் அனைவரும் தாழ்ந்து போவதில்லை. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பக் குழப்பம் முதலிய பல இன்னல்களுக்கு இளமையிலேயே ஆளானவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உடையவர்களாக வளர்ந்தனர். பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, நம்பத்தக்க ஒருவரின் அன்பு அவர்களுக்கு இடைவிடாது கிடைத்திருந்தது.

இத்துணையை அளிக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்:

1. காவலுக்கும் தொழிற்சாலை இரவுப் பணிக்கும் செல்வோரின் குழந்தைகள் தனித்திராதவாறு உற்றார் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்தல்.

2. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைத் தவறாது கூட்டி, ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கூறுவதைக் கேட்டறிதல்.

3. குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்களை ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி வைத்தல்.

பயிருக்குக் காவல் வைக்கும் நாம் குழந்தைகளின் மன நலத்திற்கும் காவலாக இருத்தல் வேண்டும்.