நாயின் கிரயமும் நம்முடைய காணிக்கையும்

வேத பகுதி: உபாகமம் 23:17,18, லேவியராகமம் 27:11-13, 27, நீதிமொழிகள் 12:10, மத்தேயு 15:21-28



"நாய் வித்த காசுல தசமபாகம் போடலாமா பிரதர்?"

மூன்று வருஷங்களுக்கு முன்பு சாலவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூட்டத்தில் எழும்பின கேள்வி இது. கேட்டவர் எங்கள் சபையின் மூத்த விசுவாசி. அவர் கேலியாகக் கேட்கவில்லை. உபாகமம் 23:18-ஐத் திறந்து, விரலை வைத்துக் காட்டிக் கேட்டார். வேசியின் கூலியையும் நாயின் கிரயத்தையும் பொருத்தனையாகக் கர்த்தருடைய ஆலயத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறது.

மற்றவர்களுக்கு இது ஒரு வேத விவாதம். எங்களுக்கு அப்படியல்ல. எங்கள் வீட்டு அரிசியும், மகளின் காலேஜ் பீசும், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் நாங்கள் போடுகிறதும் நாய்க்குட்டி விற்ற காசுதான். அன்று ராத்திரி என் மனைவி தூங்கவில்லை. "என்னங்க, அப்ப இத்தனை வருஷம் நாம போட்டதெல்லாம் கர்த்தர் ஏத்துக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

பாஸ்டர் ஐயா உடனே பதில் சொல்லிவிடவில்லை. "ஒரு வசனத்தை மட்டும் பிடிச்சுக்காதீங்க. முன்னாடியும் பின்னாடியும் வாசிங்க. ஒரு வாரம் ஜெபம் பண்ணிட்டு வாங்க, பேசலாம்" என்றார். அந்த ஒரு வாரமும், அதற்குப் பின் கர்த்தர் எங்களை நடத்தின விதமும் கற்றுக்கொடுத்ததை இங்கே பாடமாக எழுதுகிறேன்.

1. பறவை இல்லாத பறவை நாய்

முதலாவது, எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வளர்ப்பது லாப்ரடார் நாய்கள். நம்முடைய நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துகிற ஓட்டக்காரர்கள். லாப்ரடாரோ பறவை நாய். கனடாவிலுள்ள நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வம்சம். அவற்றை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கொண்டுபோய், துப்பாக்கியால் சுட்ட வாத்தையும் கவுதாரியையும் எடுத்துவரப் பழக்கினார்கள். 1903-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

நம் தேசத்தில் பறவை வேட்டைக்கு இடமில்லை. 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. அதிலும் எங்களுக்குப் பக்கத்திலேதான் வேடந்தாங்கல். அந்த ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்ஜனங்கள் கேட்டு, 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்ததாகச் சரித்திரம் சொல்லுகிறது. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்று ஜனங்கள் அறிந்திருந்தார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அப்பேர்ப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பறவை நாய் வளர்க்கிறது என்றால் வேடிக்கைதான்!

ஆனாலும் சிருஷ்டிகர் வைத்த சுபாவம் போகிறதில்லை. எங்கள் ராணி என்கிற தாய் நாய் காலையில் யார் செருப்பையாவது கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைக்கும். ஒரு நாள் கோழிக்குஞ்சு ஒன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. ராணி அதை வாயில் எடுத்துவந்து என் மனைவியின் கையில் கொடுத்தது. குஞ்சுக்கு ஒரு பல் தடம் இல்லை! பறவை நாயிடம் எதிர்பார்க்கிற குணமே இதுதான், மெல்லிய வாய். பல் இருக்கிறது, தாடையில் பலம் இருக்கிறது, ஆனாலும் தன்னிடம் கொடுக்கப்பட்டதைக் கடிக்காமல் எஜமானிடம் சேர்க்கும்.

பிரியமானவர்களே, ஒரு சகோதரியின் கண்ணீர்க் கதை நம்மிடம் வரும்போது நம்முடைய வாய் எப்படி இருக்கிறது? அதைக் காயப்படுத்தாமல் ஜெபத்தில் ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோமா? தெருமுனைக்குப் போவதற்குள் கடித்துக் குதறிவிடுகிறோமா? யாக்கோபு 3-ம் அதிகாரத்தை ஒரு நாய் எனக்கு விளக்கிக் காட்டியது.

2. வசனம் எதைத் தடுக்கிறது?

இப்போது உபாகமத்துக்கு வருவோம். 18-ம் வசனத்துக்கு முன்னால் 17-ம் வசனம் இருக்கிறது. இஸ்ரவேலின் குமாரத்திகளும் சரி, குமாரரும் சரி, வேசித்தனத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். அங்கே வருகிற எபிரெயச் சொற்கள், புறஜாதியாரின் கோயில்களோடு சம்பந்தப்பட்டவர்களைக் குறிப்பதாகப் பலர் சொல்லுகிறார்கள். 17-ல் பெண், ஆண் என்று இருவரைச் சொன்னவர், 18-ல் இருவரின் சம்பாத்தியத்தைச் சொல்லுகிறார். முதலாவது, வேசியின் கூலி. இரண்டாவது, நாயின் கிரயம். ஆகவே இந்த "நாய்" நாலு கால் நாய் அல்ல, 17-ல் சொன்ன ஆண்மகனுக்கு இட்ட இழிபெயர் என்று வேத பண்டிதர் அநேகர் விளக்குகிறார்கள்.

எபிரெயத்தில் நாய்க்குக் "கெலேப்" என்று பெயர். சைப்ரஸ் தீவின் கித்தியோனில் கிடைத்த ஒரு பழைய பெனிக்கேய எழுத்தில், கோயிலுக்கு வேலை செய்தவர்களின் கூலிக் கணக்கில் அதே சொல் வருகிறது. அது யாரைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. உபாகமத்தில் வருவது உண்மையான நாயே என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அவர்களையும் நாம் தள்ளிவிடக் கூடாது.

சரி, உண்மையான நாய் என்றே வைத்துக்கொள்வோம். நாய் அசுத்தமான மிருகம், ஆகையால் அதன் காசும் அசுத்தம் என்று சொல்லலாமா? லேவியராகமம் 27-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பலியிடத் தகாத அசுத்தமான மிருகத்தை ஒருவன் நேர்ந்துகொண்டால், ஆசாரியன் அதை மதிப்பிட வேண்டும். மீட்டுக்கொள்ள விரும்பினால் அந்த மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் (வச. 11-13). அசுத்தமான மிருகத்தின் தலையீற்றை விற்றுவிடவும் வழி இருந்தது (வச. 27). அப்படியானால், மிருகம் அசுத்தம் என்கிற ஒரே காரணத்துக்காக அதன் விலையைக் கர்த்தர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுதையின் விலை உள்ளே போகலாம் என்றால், 18-ம் வசனம் தடுப்பது வேறொன்றாக இருக்க வேண்டும். 17-ம் வசனத்தோடு சேர்த்து வாசித்தால் அது விளங்குகிறது: பாவத்தில் சம்பாதித்ததைக் காணிக்கையாக்கி, அந்தப் பாவத்துக்கு வெள்ளையடிக்காதே!

பாஸ்டர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நல்லா படிச்சிருக்கீங்க. ஆனா இதோட நிறுத்தினா தப்பிச்சுக்கிட்டீங்கன்னு அர்த்தம். இனிமேதான் வசனம் உங்களைக் கேள்வி கேட்கப்போகுது" என்றார்.

3. காசைப் பார்க்கிறதற்கு முன் கையைப் பார்

மத்தேயு 27-ல் யூதாஸ் எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசை ஆசாரியர்கள் பொறுக்கினார்கள். இது இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று கவனமாக இருந்தார்கள். ஆனால் அந்தக் காசை எண்ணிக் கொடுத்ததே அவர்கள் கைதான்! காசைச் சோதித்தார்கள், கையைச் சோதிக்கவில்லை.

நாய் வியாபாரத்தில் கை அழுக்காக வழிகள் ஏராளம். முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். தடுப்பூசி போடாமலே போட்டாச்சு என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் சினைப்படுத்தித் தாயைச் சக்கையாக்குகிறார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு லாப்ரடாரில் வம்சவழியாக வரும். தெரிந்தே அதை மறைக்கிறார்கள்.

2017-ல் மத்திய அரசு நாய் வளர்ப்பு விதிகளைக் கொண்டுவந்தது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. ஒரு தாய்க்கு வருஷத்தில் ஒரு ஈற்றுதான். ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. இது சர்க்கார் விதி. ஆனால் நீதிமான் தன் மிருகஜீவனின் உயிரைக் காப்பாற்ற நினைப்பான் என்று நீதிமொழிகள் 12:10 எவ்வளவோ காலத்துக்கு முன்பே போதித்துவிட்டது.

இதில் சந்தோஷம் இல்லையா? நிறைய உண்டு! ஏறக்குறைய 63 நாள் சினை. தாயின் உடம்புச் சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால், ஒரு நாளுக்குள் ஈனும் என்று அர்த்தம். என் மனைவி கோணிச்சாக்கும் டார்ச்சுமாகக் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவாள். பிறந்த குட்டி தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. பல்பு போட்டு வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். கண் திறக்கப் பத்து, பதினாலு நாளாகும். கண் தெரியாமலே ஒவ்வொன்றும் தாயின் மடியைத் தேடிப் போய்ச் சேரும். அதைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடியாது.

4. எங்கள் கை சோதிக்கப்பட்ட நாட்கள்

அடுத்த வருஷமே சோதனை வந்தது. ராணி ஒன்பது குட்டி போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லி, போனிலேயே அட்வான்ஸ் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்தை நம்பி மகளின் பீசுக்குத் தேதி சொல்லியிருந்தோம். முதல் தடுப்பூசிக்கு நாள் குறித்த அதே வாரத்தில் ஒரு குட்டி வாந்தி எடுத்தது. மறுநாள் இரத்தமாய்ப் போயிற்று. பார்வோ! அந்தக் கிருமியைக் கொல்ல எங்கள் கையில் நேர் மருந்து இல்லை. டிரிப் ஏற்றி, உடம்பில் நீர் குறையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். செருப்படியில் ஒட்டிக்கொண்டும் வரும்.

நாலு குட்டி செத்தன. மீதி ஐந்து துள்ளிக்கொண்டுதான் இருந்தன. ஒரு வியாபாரி வந்தார். "இருக்கிற அஞ்சையும் இப்பவே குடுங்க, பாதி விலை ரொக்கமா தரேன். இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு, நீங்க ஏன் வாயத் திறக்கணும்?" என்றார். கிருமி தொற்றி ஒரு வாரம்வரைகூட வெளியே தெரியாமல் இருக்கும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வாங்கிப்போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நாயின் கிரயம்னு அன்னிக்கு பயந்தோமே, அது இதுதாங்க" என்றாள். வியாபாரியை அனுப்பிவிட்டோம். அட்வான்ஸ் கொடுத்த எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிப் பணத்தைத் திருப்பினோம். அவள் வளையல் அடகுக்குப் போயிற்று. பீஸ் அபராதத்தோடுதான் கட்டினோம்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் ஜெபிக்க வந்தார். கொட்டகையில் டிரிப் பாட்டிலை மாட்ட ஆணி இல்லை. அவரே வாங்கி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நின்றபடியே ஜெபித்தார். வசனத்தைப் பற்றித் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஐந்தும் பிழைத்தன. பதினோரு வாரமானபின் குறைந்த விலைக்குப் போயின. பிளீச்சிங் போட்டுக் கழுவின கொட்டகை பல மாதம் காலியாகவே கிடந்தது. கணக்குப் பார்த்தால் அந்த ஈற்றில் லாபமே இல்லை. தசமபாகம் எடுக்க ஒன்றும் மீதியில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு முன் நின்றபோது எங்கள் கை சுத்தமாயிருந்தது. கர்த்தருக்கே மகிமை!

5. மேஜையின் கீழே

கடைசியாக மத்தேயு 15. கானானிய ஸ்திரீயிடம் பேசும்போது ஆண்டவர் சொன்ன கிரேக்கச் சொல், தெருநாயை அல்ல, வீட்டில் வளரும் சிறிய நாயைக் குறிக்கிறது. நம்முடைய தமிழ் வேதத்தில் நாய்க்குட்டிகள் என்றே போட்டிருக்கிறார்கள். குட்டி வளர்க்கிறவனுக்கு அந்தக் காட்சி நன்றாகவே தெரியும்.

லாப்ரடாருக்குப் பசி அடங்காது. அந்த இனத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தாலும், நாம் சாப்பிட உட்கார்ந்தால் கீழே வந்து முகத்தையே பார்க்கும். தனக்கு என்ன தகுதி என்று அது கணக்குப் பார்க்காது. எஜமானின் கையைப் பார்க்கும். அந்த ஸ்திரீயும் அப்படித்தான். தன் ஜாதியை, தன் தகுதியை வாதாடவில்லை. அவருடைய கையிலிருந்து விழும் துணிக்கையே போதும் என்றாள். அவளுடைய விசுவாசம் பெரிது என்று ஆண்டவரே சாட்சி கொடுத்தார். மகள் அந்நேரமே குணமானாள்.

நம்முடைய காணிக்கை நம்மைத் தகுதிப்படுத்துவதில்லை. எந்தத் தொழிலானாலும், நாம் எல்லாரும் மேஜையின் கீழிருந்து கிருபையால் போஷிக்கப்படுகிறவர்களே. அந்தக் கிருபையைப் பெற்றவன் தராசில் கைவைக்க மாட்டான்.

சிந்தித்துக் கலந்து பேச:

1. உங்கள் தொழிலில், யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய அநீதி எது? அதைத் தவிர்க்க உங்களுக்கு என்ன செலவாகும்?

2. உங்கள் பராமரிப்பில் இருக்கும் வாயில்லா ஜீவனும், வேலைக்காரரும் உங்களைக் குறித்துச் சாட்சி சொன்னால் என்ன சொல்லுவார்கள்?

3. பிறருடைய தொழிலைக் குறித்து வசனம் காட்டுகிற நாம், அவர்கள் துன்பத்தில் டிரிப் பாட்டிலைப் பிடிக்கவும் ஆயத்தமா?

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் காணிக்கையைப் பார்க்கிறதற்கு முன் எங்கள் கைகளைப் பாரும். நாங்கள் வாங்குகிறதிலும் விற்கிறதிலும் உம்முடைய பயம் இருக்கட்டும். உம்முடைய மேஜையின் துணிக்கைகளுக்காக ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.