உடம்பில் ஒட்டாத உணவு: இளம் உணவியலாளர் ஒருவருக்குக் கடிதம்

இரைப்பை குடல் நோய்ப் பிரிவில் பணியேற்கும் இளம் உணவியலாளருக்கு,

‘சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை’ என்று நோயாளர்கள் சொல்வதைவிடப் பொருத்தமான விளக்கம் உட்கிரகிப்புக் குறைபாட்டுக்குப் பாடநூல்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. வாய்வழியே சென்ற உணவு நொதிகளால் உடைக்கப்படாமலோ, உடைந்த பின் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளால் ஈர்க்கப்படாமலோ, ஈர்க்கப்பட்ட பின் நிணநீர் வழியே கொண்டுசெல்லப்படாமலோ மலத்தோடு வெளியேறிவிடும் நிலையே அது. இதைச் சொல்லி முடித்ததும் நோயாளர் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘என்ன பத்தியம் இருக்க வேண்டும்?’ என்பதே. நோய்க்கும் மருந்துக்கும் இசைந்த உணவை வகுப்பதைக் குறித்த அந்தச் சொல், வழக்கில் விலக்க வேண்டியவற்றின் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. உண்டும் பட்டினியில் கிடக்கும் உடலுக்கு அப்பட்டியலை மேலும் நீட்டுவது எத்தகைய தீங்கு என்பதை உணவியலாளர் தம் முதல் நாளிலேயே உணர்ந்திருக்க வேண்டும்.

எதை விலக்குவது, எதைச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன், குடலின் எந்த இடம் பழுதுபட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். இரும்பும் கால்சியமும் ஃபோலிக் அமிலமும் பெரிதும் சிறுகுடலின் முற்பகுதியில் உறிஞ்சப்படுகின்றன. வைட்டமின் பி12-ம் பித்த உப்புகளும் அதன் கடைசிப் பகுதியான இலியத்தின் முனையில் மட்டுமே முறையாக உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய நீரையும் சோடியத்தையும் மீட்பது பெருங்குடலின் வேலை. உண்டதும் குடித்ததுமாக ஏறக்குறைய 2 லிட்டரும், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் ஆகியவை சேர்ந்து இன்னும் 6, 7 லிட்டரும் நாள்தோறும் சிறுகுடலுக்குள் வர, மலத்தில் வெளியேறுவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவே. இந்தப் பெரும் மீட்புப் பணி எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்தைப் பொறுத்தே உணவு அமைய வேண்டும். அறுவை செய்த மருத்துவரின் குறிப்பில், எவ்வளவு குடல் வெட்டப்பட்டது என்பதைவிட எவ்வளவு குடல் எஞ்சியிருக்கிறது, பெருங்குடல் அதனோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றைத் தேடிப் படிப்பவரே நோயாளருக்குப் பயன்படுவார்.

பொதுவான நல்லெண்ண அறிவுரை தீங்காக முடியும் இடங்கள் இத்துறையில் பல. அவற்றுள் தண்ணீரைப் பற்றிய அறிவுரை தலையாயது. குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, எஞ்சிய ஜெஜூனம் (சிறுகுடலின் நடுப்பகுதி) வயிற்றுச் சுவரில் திறந்துவிடப்பட்ட நோயாளர் ஓயாத தாகத்தோடு இருப்பார். பையில் நீராக வடிவதைக் கண்ட உறவினர் அதை ஈடுகட்டவேண்டி மேலும் மேலும் தண்ணீரும் இளநீரும் கொடுப்பர். ஜெஜூனத்தின் சுவர் சோடியத்தை இருபுறமும் தாராளமாகக் கசியவிடும் தன்மையுடையது. உப்பற்ற நீர் உள்ளே வந்தால் இரத்தத்திலிருந்து சோடியம் குடலுக்குள் கசிந்து, தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே அவர் குடிக்கக் குடிக்க வற்றுகிறார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அதுவும் இங்கே துணைசெய்யாது. குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று கைப்பிடித்து குடற்சுவரைக் கடக்கும் வழியை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராகில் நடந்த கூட்டத்தில் எடுத்துரைத்தார். வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல் அவ்வழியையே பயன்படுத்துகிறது. எனினும் உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்றிருக்க, இந்நோயாளருக்கு 90 அல்லது அதற்கும் மேல் தேவைப்படுகிறது. 1 லிட்டர் நீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கரைத்தால் அது கிடைத்துவிடும். அதை நாள் முழுதும் சிறுகச் சிறுகப் பருகச் செய்து, வெறும் தண்ணீர், தேநீர், பழச்சாறு போன்றவற்றை அரை லிட்டர் முதல் 1 லிட்டருக்குள் நிறுத்த வேண்டும். தாகத்தால் தவிப்பவரிடம் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். அதனால் காரணத்தை நோயாளருக்கும், அவருக்கு ஊற்றித் தரும் மனைவிக்கோ மகனுக்கோ தாய்க்கோ பொறுமையாக விளக்குவதற்கு அரைமணி நேரம் செலவிட நேர்ந்தாலும் அது வீணன்று.

அதே குடல் இழப்பு, பெருங்குடல் இணைந்திருக்கும் ஒருவருக்கு நேர்ந்தால் அறிவுரையே மாறிவிடுகிறது. உறிஞ்சப்படாத மாவுப்பொருளைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து, உடல் பயன்படுத்தக்கூடிய குறுங்கொழுப்பமிலங்களாக மாற்றித் தருவதால் சோறும் கஞ்சியும் அவருக்கு வரவாகின்றன. ஆனால் உறிஞ்சப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பற்றிக்கொள்ள, கால்சியத்தோடு சேர்ந்து மலத்தில் போயிருக்க வேண்டிய ஆக்சலேட் தனித்து நின்று பெருங்குடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. இரத்தம் ஊறட்டும் என்று பசலைக்கீரையும் பீட்ரூட்டும் நாள்தோறும் உண்ணும்படி இவருக்கு எழுதிக்கொடுப்பவர் கல்லுக்கு வழி செய்கிறார். ஒத்துக்கொள்ளுமானால் உணவோடு தயிர் சேர்த்துக் கால்சியத்தைக் கூட்டுவது அக்கல்லுக்குத் தடையாகும்.

கொழுப்பைப் பற்றிய அச்சமும் இவ்வாறே ஆராயப்பட வேண்டியது. நாட்பட்ட கணைய அழற்சியில், கேரளத்திலும் தமிழகத்திலும் இளவயதினரிடம் காணப்படும் கணையக் கல் நோய் உட்பட, கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதியின் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகே மலத்தில் கொழுப்பு மிகத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு உண்பவரின் மலத்தில் 7 கிராமுக்கு மேல் கொழுப்பு வெளியேறினால் அது குறைபாடு என்று கொள்ளப்படுகிறது. முன்பெல்லாம் இத்தகையவருக்கு எண்ணெயும் நெய்யும் முட்டையும் தடைசெய்யப்பட்டன. மெலிந்துகொண்டே போனவர்களுக்கு அத்தடை மேலும் மெலிவையே தந்தது. இன்று நொதி மாத்திரைகளைப் போதிய அளவில் கொடுத்துக் கொழுப்பை இயன்றவரை அனுமதிப்பதே நெறியாக ஏற்கப்பட்டிருக்கிறது. முதன்மை உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு லிப்பேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது தொடக்க அளவு. அளவைவிட நேரத்தில்தான் பிழை மிகுதியாக நேர்கிறது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற வழக்கமான கேள்விக்கு இரண்டும் இல்லை, உணவின் ஊடே என்பதே விடை. சாம்பார் சாதம் தொடங்கும்போது ஒன்று, மோர் சாதத்துக்கு முன் மற்றொன்று என்று சொன்னால் எந்த நோயாளருக்கும் அது மறக்காது. மரவள்ளிக்கிழங்குதான் கணையக் கல் நோய்க்குக் காரணம் என்ற கருத்து நெடுங்காலம் வழங்கிவந்தது. அது நிறுவப்படவில்லை, மரபணுக் காரணங்களே இன்று கூடுதலாகத் தெரியவந்துள்ளன. ஏழைக் குடும்பம் ஒன்று தன் கிழங்கைத் தின்றே நோயை வரவழைத்துக்கொண்டது என்ற குற்ற உணர்வை இறக்கிவைப்பதும் உணவியலாளரின் கடமையே.

தேங்காய் எண்ணெயைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. நிணநீர் வழியை நாடாமல் நேரே கல்லீரலுக்குச் செல்லும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு இத்தகைய நோயாளர்களுக்கு உதவக்கூடியது என்பதும், அது தேங்காய் எண்ணெயில் இருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் அவ்வாறு எளிதில் செல்லும் 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பமிலங்கள் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் பெருமளவு நிணநீர் வழியையே நாடுகிறது. ஆகவே மருந்துக்கடையில் கிடைக்கும் தனி எண்ணெய்க்கு இது மாற்றாகாது.

விலக்கல் தன் முழு மாண்போடு விளங்கும் நோய் ஒன்றும் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் குளூட்டன் என்னும் புரதத்தால் குடலுறிஞ்சிகள் அழியும் சீலியாக் நோயில், ஒரே ஒரு பொருளை நீக்கியதும் குடல் மீண்டும் தளிர்க்கிறது. 1888-ல் லண்டனில் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயை விவரித்து, இது தீருமானால் உணவாலேயே தீரும் என்று கருதினார். எந்த உணவு என்பது தெரியாமல் குழந்தைகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் வெவ்வேறு பத்தியங்களில் வாடினர். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1930களிலேயே கோதுமையை ஐயுற்று, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தைக் கடந்து, 1950-ல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவினார். ஐயத்தோடு நின்றுவிடாமல், வான் டி காமர், வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து மலத்தின் கொழுப்பை அளந்து காட்டியதே அவருடைய முடிவை அசைக்க முடியாததாக ஆக்கிற்று.

இந்தியாவில் நடந்த பலமைய ஆய்வொன்றில் வயது வந்தோரிடம் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காடும் தெற்கில் 0.10 விழுக்காடும் காணப்பட்டது; மரபணு வாய்ப்பு இரு பகுதியிலும் இருந்தும், உண்ணும் கோதுமையின் அளவில் பெரிய வேறுபாடு இருந்தது. அரிசி உண்ணும் தமிழகத்தில் நோய் அரிது என்பதாலேயே அது காணப்படாமல் போகவும் கூடும். இரும்பு மாத்திரைக்கு மசியாத சோகை மட்டுமே அறிகுறியாக இருக்கும் நோயாளரை மருத்துவரிடம் சுட்டிக்காட்டும் உரிமையும் பொறுப்பும் உணவியலாளருக்கு உண்டு. பரிசோதனை முடியும்முன் கோதுமையை நிறுத்தச் சொல்லிவிடக் கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் மறைந்து, குடலும் தேறி, நோய் இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும். நோய் உறுதியான பிறகு சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா ஆகியவற்றை நீக்குவது எளிது. மறைந்திருக்கும் கோதுமையைக் கண்டறிவதே அரிய வேலை: கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது, ஆகவே நாள்தோறும் வைக்கும் ரசமே குற்றவாளியாகலாம், கோயில் கேசரியிலும் தேவாலயத்தின் நற்கருணை அப்பத்திலும் கோதுமை உண்டு, கோதுமை அரைத்த அதே மாவு மில்லில் அடுத்ததாக அரைத்து வந்த கேழ்வரகு மாவும் தூய்மையானதன்று. நீக்கியவற்றின் இடத்தில் கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றை வீட்டிலேயே அரைத்துச் சேர்க்கக் காட்டித்தர வேண்டும். தொடக்க மாதங்களில் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனெனில் பாற்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருப்பது. குடல் தேறியதும் பாலும் பெரும்பாலும் திரும்பிவிடும், அதுவரை தயிர் போதும்.

சிறுகுடலின் உறிஞ்சலைக் கெடுப்பதும் தமிழகத்துக்கு நெருங்கியதுமான வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் கொள்ளைநோயாகக் கண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கரும் மாதனும் விரிவாக ஆய்ந்தனர். அதில் உணவு மட்டும் போதாது. ஃபோலிக் அமிலமும் பி12-ம் நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்தே குணம் தருகின்றன. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை தேறி, பி12 குறைவால் வரும் நரம்புச் சிதைவு மறைவில் முற்றிவிடக் கூடும் என்பது மறக்கத் தகாதது. காசநோயாலோ க்ரோன் நோயாலோ இலியத்தின் முனை 60 சென்டிமீட்டருக்கு மேல் அகற்றப்பட்டவருக்கும் பி12 வாழ்நாள் முழுதும் தேவை; கல்லீரல் இருப்பு தீரச் சில ஆண்டுகள் ஆகுமாதலால், நலமாக இருக்கும் காலத்திலேயே அது தொடங்கப்பட வேண்டும்.

மிக மெலிந்து, பல நாட்கள் ஏதும் உண்ணாமல் வந்தவருக்கு ஊட்டுவதில் அவசரம் கூடாது. திடீரென மாவுச்சத்து மிகுந்தால் இன்சுலின் சுரந்து, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் இரத்தத்திலிருந்து செல்லுக்குள் பாய்ந்து, இதயம் தடுமாறி உயிரே போகலாம். முதலில் தையமின், பின்னர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 கலோரி அளவில் தொடக்கம், நாள்தோறும் இரத்தப் பரிசோதனை என்பதே வழி. 40 கிலோ எடையுள்ளவருக்கு அது 400 கலோரிதான். வீட்டிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் கறிக்குழம்பு கொண்டுவரும் தாயிடம் அதை ஏன் இன்று தள்ளிவைக்க வேண்டும் என்று கனிவோடு சொல்ல வேண்டிய தருணம் அது.

மலத்தைப் பற்றிக் கேட்கக் கூசலாகாது. வெளிறியதா, எண்ணெய் மிதக்கிறதா, தண்ணீர் ஊற்றியும் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறதா, இரவில் எழுப்புகிறதா என்ற கேள்விகளுக்கு நோயாளர் வெட்கத்தை விட்டு விடைதர, கேட்பவர் முகம் சுளிக்காதிருக்க வேண்டும். நியாயவிலைக் கடை அரிசியில் வாழும் வீட்டுக்கு முட்டை, கருவாடு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை ஆகியவற்றைக் கொண்டே, அவரவர் குடல் ஏற்கும் அளவறிந்து திட்டம் வகுக்க வேண்டும். விலையுயர்ந்த ஊட்டச்சத்து டப்பாவை எழுதிக்கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதம் அவர் வராமலே போய்விடுவார்.

மறுமுறை வரும் நாளில் முதலில் எடை பார்க்க வேண்டும். பிறகு அவர் எவற்றையெல்லாம் உண்ணாமல் விட்டிருக்கிறார், யார் சொல்லி விட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். அண்டை வீட்டார், உறவினர், முந்தைய மருத்துவமனை எனப் பலரும் சேர்த்த அந்தப் பட்டியலில், பழுதுபட்ட இடத்தோடு தொடர்பில்லாதவற்றை அவர் கண்முன்னேயே பேனாவால் அடித்துவிட்டு, அன்று மதியமே அவற்றில் ஒன்றை உண்ணச் சொல்லி அனுப்ப வேண்டும்.