சாயத்தைக் குறைசொல்லுமுன் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆரணிச் சாயப்பட்டறையில் சேரும் இளைஞர்கள் முதலில் கற்பது பொடிக் கணக்கு: இத்தனை கிலோ பட்டுக்கு இத்தனை கிராம் சாயம். தண்ணீர்ப் பாடத்தை யாரும் எடுப்பதில்லை. சாய மாஸ்டராக வர நினைப்பவர் அங்கேதான் தொடங்க வேண்டும்.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதைக் கழற்றினால்தான் பளபளப்பு வெளிவரும். போர்த் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காகி நூலில் ஒட்டிக்கொள்கின்றன. எத்தனை முறை அலசினாலும் எளிதில் போகாது. சாயம் திட்டுத்திட்டாக ஏறும். பழி சாயக் கம்பெனி மேல் விழும்.

தண்ணீரின் கடினத்தன்மையை அறிய டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. மீட்டர் எண் பெரிதாக மாறாது. சொட்டு எண்ணிக் கடினத்தன்மை பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியில்லையென்றால் 600 வரை. பட்டு நம்மைவிட நாசூக்கு. 50க்குள் இருந்தால் நிம்மதி.

சாஃப்ட்னர் வைத்தாலும் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் போகாது, பலர் சறுக்குவது இங்கேதான். அமிலச் சாயத்துக்கு நீங்கள் ஊற்றும் அசிட்டிக் அமிலத்தை அது தின்றுவிடும். நூலில் ஏற வேண்டிய நிறம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே அமிலத்தைக் குவளைக் கணக்கில் ஊற்றாமல், பிஎச் தாளைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

முதலாளியிடம் போய் வேதியியல் பேசிப் பயனில்லை. ஒரே பொடி, ஒரே சூடு, ஒரே நேரம் வைத்து, ஒரு கழியைப் போர்த் தண்ணீரிலும் இன்னொன்றை மழைத் தண்ணீரிலும் பசை நீக்கிச் சாயமேற்றி, பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். வெளிர் ரோஜா நிறமாக இருந்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். சாஃப்ட்னர் செலவைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.

ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, தண்ணீர் வந்த இடம், கடினத்தன்மை, பிஎச் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். கோடையில் ஒரு எண், கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்த பின் வேறு எண் வரலாம். வேறு பட்டறைக்கு வேலை கேட்டுப் போகும்போது, சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.