கைப்பேசியுள் ஒற்று

ஒற்றாடல் அரசியலின் ஓர் உறுப்பென நம் முன்னோர் கொண்டனர். திருவள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தனர். ஆயினும், அந்நாளைய ஒற்றன் எத்துணை வல்லவனாயினும், வாயிலிலும் தெருவிலும் நின்று செவி சாய்க்கும் ஒரு மனிதனே. இந்நாளைய ஒற்றோ, நாம் விலைகொடுத்து வாங்கி இரவும் பகலும் உடன்கொண்டு திரியும் கைப்பேசியினுள்ளேயே குடிபுகுகின்றது. அதன் இயல்பினை ஓர் உண்மை நிகழ்ச்சி வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் மனித உரிமைகட்காகப் பரிந்து பேசியவர் அகமது மன்சூர் என்பார். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர்தம் ஐபோனுக்குக் குறுஞ்செய்திகள் சில வந்தன. அந்நாட்டுச் சிறைகளில் நிகழும் சித்திரவதை பற்றிய புதிய இரகசியங்களை அறிய ஓர் இணைப்பைத் தொடுக என்பது அவற்றின் சாரம். மீனின் விருப்பமறிந்தே தூண்டிலில் இரை கோக்கப்பட்டிருந்தது. முன்னரும் இத்தகைய வலைகட்கு இலக்கானவராதலின், அவர் அதனைத் தொடாது, கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிட்டிசன் லேப் என்னும் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். ஆய்வாளர் தம் சோதனைக் கருவியில் அவ்விணைப்பைத் திறந்து நோக்க, இஸ்ரேல் நாட்டு என்.எஸ்.ஓ. நிறுவனத்தார் இயற்றிய பெகாசஸ் என்னும் வேவு மென்பொருள் வெளிப்பட்டது.

ஆப்பிள் நிறுவனத்தாரே அதுகாறும் அறியாதிருந்த மூன்று குறைகளின் வழியே அஃது உட்புகுவது. புகுந்தபின் கடிதங்களைப் படிக்கும். ஒலிவாங்கியையும் கேமராவையும் உடையவர் அறியாமலே இயக்கும். அவர் இருக்குமிடத்தையும் அறிவிக்கும். செய்திகள் பூட்டிய பெட்டியிற் செல்வனபோல மறைகுறியாகச் சென்றாலும் பயனில்லை. பெட்டி திறக்கப்படும் இடத்திலேயே ஒற்று அமர்ந்திருத்தலின் என்க. ஆகஸ்டு 25ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தார் அக்குறைகளை நீக்கினர்.

அற்றேல், அறியாத இணைப்பைத் தொடாதிருப்பின் போதாதோ எனின், போதாது. 2021 செப்டம்பரில் அவ்வாய்வுக்கூடத்தார் வெளிப்படுத்திய பிறிதொரு வழி, உடையவர் எதனையும் தொடாமலே ஒற்று புகுதற்கு இடந்தந்தது. எனவே, தனிமனிதனது விழிப்பு வேண்டற்பாலதே எனினும், அதுவொன்றே அரணாகாது.

கொடுங்குற்றங்களைத் தடுத்தற்பொருட்டு அரசாங்கங்கட்கே இதனை விற்பதாக அந்நிறுவனத்தார் கூறுவர். குற்றவாளரைக் கண்டறிதல் அரசின் கடமையே. ஆயின், யாரை எக்காரணத்தால் ஒற்றுதல் தகும் என்பதனை ஒற்றுவோரே முடிவுசெய்தல் முறையோ? தனியுரிமை அடிப்படை உரிமையென 2017இல் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், 2021 அக்டோபரில் பெகாசஸ் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. நாட்டின் பாதுகாப்பு என்னும் சொல்லைக் கூறிய மாத்திரத்தானே அரசு நீதிமன்ற விசாரணையினின்று நீங்கிவிட இயலாதெனவும் உரைத்தது. ஒற்றைக் காக்கும் காவல் சட்டமே என்பது இதனாற் பெறப்படும்.

மன்சூர் 2017 மார்ச்சில் கைதுசெய்யப்பட்டார். இணையத்தில் எழுதியவற்றின்பொருட்டு 2018இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரது விழிப்பால் உலகெங்கும் எண்ணிறந்தோர் கைப்பேசிகள் காப்புற்றன, அவர்க்கோ காப்பளிப்பாரில்லை. நண்பர்களே! நம் கைப்பேசியைக் கையிலெடுக்குந்தோறும் இதனை நினைத்தல் நம் கடனாகும்.