தாத்தா மீசை எங்கே போச்சு?

எங்க தாத்தா இறந்தப்போ பிரேம் போட ஒரே ஒரு நல்ல படம்தான் இருந்தது, அதுவும் துபாயில் சித்தப்பா செல்லில். அனுப்பினாங்க. சிவகிரி ஸ்டுடியோவில் பெருசாக்கினால் மீசை கரியால் இழுவின மாதிரி! ஆச்சி பார்த்துட்டு, "இது அவுக இல்ல" என்று சொல்லிட்டாங்க.

ஏன் இப்படி? 4000-க்கு 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினா, சீக்கிரம் போய்ச்சேர, புள்ளிகள் குறைக்கப்படும். செல் திரையில் வித்தியாசம் தெரியாது, பிரிண்ட் போட்டால்தான் தெரியும். போன புள்ளி திரும்ப வராது. 2023-ல் வந்த 'எச்டி'யிலும் கொஞ்சம் குறையும்.

அதனால் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பணும். அப்படியே போகும். 2022-லிருந்து ஒரு பைல் 2 ஜிபி வரை அனுப்பலாம். கல்யாண ஆல்பம் மாதிரி நூற்றுக்கணக்கில் இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுக்கலாம். 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் அதுக்குள்ளேதான் (நிரம்பினா மெயில் வராது!). லிங்கை எல்லாருக்கும் திறந்து வைக்காதீங்க, வீட்டார் மெயில் முகவரிக்கு மட்டும் கொடுங்க.

சித்தப்பா மறுபடி டாக்குமென்டா அனுப்பினாங்க. மீசையில் நரை ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. ஆச்சி தினம் அதுக்குப் பூ வைக்கிறாங்க.