மகனை ஃபாதர் ஸ்கூலில் சேர்க்கலாமா? பெரம்பலூர், அரியலூர் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "திருச்சி ஜோசப்ல போட்டுடு மச்சான், பையன் நிமிர்ந்துடுவான்." சொல்பவர் பெரும்பாலும் மாமாவாக இருப்பார். அவர் அங்கே படித்திருப்பார், அல்லது அவருடைய மேனேஜர் படித்திருப்பார். கத்தோலிக்க வீடுகளில் மட்டுமல்ல, மற்ற வீடுகளிலும் ஃபாதர் ஸ்கூல் என்றால் ஒரு நம்பிக்கை உண்டு. ஒழுக்கம் வரும், இங்கிலீஷ் வரும், மார்க் வரும், காலேஜில் சீட் வரும் என்று நாலையும் சேர்த்தே எதிர்பார்க்கிறோம். என் கணக்கில் முதல் இரண்டுக்கு அங்கே போகலாம். மூன்றாவதுக்காகப் போக வேண்டியதில்லை. நாலாவதில் ஒரு பொறி இருக்கிறது.

மார்க்கை முதலில் பார்த்துவிடுவோம். 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர், 97.67 சதவீதம். 2024இல் அந்த இடம் அரியலூருக்கு, 97.31. 2025 பிளஸ் டூவில் மறுபடியும் அரியலூர்தான் முதலிடம், 98.82. தேர்ச்சிக்காக ஒரு பையனை இங்கிருந்து திருச்சிக்கு அனுப்புவது கொல்லிமலைக்குப் பலாப்பழம் கொண்டுபோகிற கதை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு வருடமும் தேர்வுத் துறை ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி என்று பிரித்துத் தேர்ச்சி சதவீதம் வெளியிடும். அதில் கடைசியில் நிற்பது வழக்கமாக ஆண்கள் பள்ளிகள்தான். அவற்றில் பல, வடிகட்டாமல் பையன்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் என்பது ஒரு காரணம். அதற்காக "பெண் பிள்ளைகள் இல்லாவிட்டால் கவனம் சிதறாது" என்ற பழைய வாதத்துக்கு அந்த எண்கள் துணை வராது.

இப்போது பொறி. உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறான், டாக்டர் கனவு இருக்கிறது என்றால், அவனைப் பிளஸ் ஒன்னில் எந்த ஃபாதர் ஸ்கூலுக்கும் மாற்றாதீர்கள். 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு உண்டு. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது. ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுத்தாலும் ஆகாது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு நீண்டது. அதில் சேர்கிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. "பெரிய பள்ளி" என்ற பேருக்காக இரண்டே வருடம் இடம் மாற்றி, ஐந்து வருடம் சேர்த்த தகுதியை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்! குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் நீட்டால் இடம் கிடைக்காமல் 2017இல் உயிரை விட்டது அரியலூர் மாவட்டத்தில்தான். இந்த ஒதுக்கீட்டின் அருமையை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மே மாதப் பரபரப்பில் மறந்துவிடுகிறோம்.

டாக்டர் ஆசை உள்ள அரசுப் பள்ளிப் பையனுக்குச் சரியான வழி அரசு மாதிரிப் பள்ளி. இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறது. தங்கிப் படிக்கலாம், ஒதுக்கீடும் போகாது. (நவோதயா பள்ளி என்று சிலர் விசாரிப்பார்கள். தமிழ்நாட்டில் அது கிடையாது.)

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதிலும் பணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரி போகும் பையனுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிக் காலம் முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. எழுதப்போகிற பையனைப் பிளஸ் ஒன்னில் அவசரமாக ஆங்கில வழிக்குத் தூக்கிப் போடுகிறவர்கள் இதை ஒரு தரம் யோசிக்கட்டும்.

இவ்வளவும் கழிந்த பிறகு மிஞ்சுகிறவர்கள் யார்? காமர்ஸ், கலை, அறிவியல் என்று கல்லூரிக்குப் போகப்போகிற பையன், ஏற்கெனவே தனியார் பள்ளியில் இருக்கும் பையன், ஆறாம் வகுப்பிலேயே முடிவெடுக்க வாய்ப்புள்ள வீடு. இவர்களுக்கு ஃபாதர் ஸ்கூல் நல்ல தேர்வு. ஆனால் எந்த ஃபாதர்?

வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை அங்கி எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நடத்தும் சபையைப் பொறுத்துப் பள்ளியின் குணம் மாறும். மாமா சொல்லும் ஜோசப், அதாவது திருச்சி தூய வளனார் கல்லூரி மேல்நிலைப் பள்ளி, இயேசு சபையினருடையது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய நிறுவனம் 1883இல் திருச்சிக்கு வந்தது. மெயின்கார்டு கேட் அருகே, லூர்து மாதா கோயில் கோபுரத்தின் நிழலில் இருக்கிறது. ஆண்கள் பள்ளி. இயேசு சபைக்காரர்கள் 1599இலேயே பாடத்திட்டத்தைச் சட்டம்போல எழுதி வைத்தவர்கள். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, போட்டி வைப்பது, மேடையேற்றுவது ஆகியவை அவர்கள் மரபு. கையைத் தூக்குகிற பையன் இங்கே வளர்வான். கூட்டத்தில் ஒளிந்துகொள்கிற பையன் கூட்டத்தோடு கூட்டமாகவே இரண்டு வருடத்தை ஓட்டிவிடுவான், யாருக்கும் தெரியாது. "அப்துல் கலாம் படிச்ச ஸ்கூல்" என்று மாமா சொன்னால் நம்ப வேண்டாம். கலாமும் சுஜாதாவும் படித்தது அருகிலுள்ள கல்லூரியில். கலாமின் பள்ளிப் படிப்பு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில்.

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டு ஊரான வரதராஜன்பேட்டையில் இருக்கும் டான் போஸ்கோ மேல்நிலைப் பள்ளி சலேசிய சபையினருடையது. டூரின் நகரத்தில் வேலை தேடி வந்து தெருவில் அலைந்த பையன்களைக் கூட்டி வைத்து வளர்த்த ஜான் போஸ்கோவின் (1815–1888) வழி வந்தவர்கள். இந்தியாவுக்கு அவர்கள் முதலில் வந்ததே 1906இல் நம் பக்கத்துத் தஞ்சாவூருக்குத்தான். தப்பு செய்த பிறகு அடிப்பதைவிடத் தப்பு செய்ய நேரமில்லாமல் கூடவே இருப்பது அவர்கள் முறை. மைதானத்தில் ஃபாதரும் பிரதரும் பையன்களோடு பந்து விளையாடுவார்கள். இரவில் படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் நல்லிரவுச் சிந்தனை சொல்வார்கள். வீட்டை விட்டு முதல் முறை பிரிகிற, கொஞ்சம் முரட்டுத்தனமோ கொஞ்சம் பயமோ உள்ள பையனுக்கு இந்த முறை ஒத்து வரும். பேச்சுவழக்கும் சாப்பாடும் மாறாது. உடம்பு சரியில்லை என்றால் அப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லிலேயே வந்து நிற்கலாம். திருச்சியின் பேர் அதற்கு இல்லைதான். பத்துப் பதினோரு வயதுப் பையனுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

திருச்சி கண்டோன்மென்ட் கேம்பியன் பள்ளி வேறு வகை. 1934இல் தொடங்கியது, புனித கபிரியேலின் மாண்ட்ஃபோர்ட் சகோதரர்கள் நடத்துவது. இவர்கள் குருக்கள் அல்ல, அதனால் "பிரதர்" என்றுதான் கூப்பிட வேண்டும். ஆங்கிலோ இந்தியப் பாடத்திட்டம் சமச்சீர் கல்வியில் கலந்துவிட்டதால் புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான். வராந்தாவில் பேசும் ஆங்கிலம்தான் வித்தியாசம். அந்த ஆங்கிலம் சின்ன வகுப்பில் சேர்ந்தால் ஒட்டும். தமிழ் வழியில் பத்து முடித்தவனைப் பிளஸ் ஒன்னில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், முதல் பருவம் முழுக்க வாயே திறக்க மாட்டான். செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி, பிஷப் ஹீபர் இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை பழம்பெரும் பள்ளிகள்தான், ஆனால் சீர்திருத்தச் சபை மரபில் வந்தவை. நம் ஊரில் இரண்டையும் குழப்பிக்கொண்டு சிபாரிசுக்குத் தப்பான சாமியாரிடம் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

பஸ்ஸா போர்டிங்கா என்பது அடுத்த கேள்வி. பெரம்பலூரிலிருந்து திருச்சி அறுபது கிலோமீட்டர் சொச்சம், ரயில் கிடையாது. அரியலூருக்குக் கார்டு லைன் ரயில் உண்டு, எழுபது கிலோமீட்டர் சொச்சம். பாடாலூர்ப் பையன் போய் வரலாம். பெரம்பலூர்ப் பையன் போய் வந்தால் தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகும், ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் வீடு சேர எட்டு மணி ஆகும். பிளஸ் டூவுக்கு அது ஆகாத காரியம்.

போர்டிங் வாழ்க்கையைப் பற்றி அப்பாக்கள் கேட்பது "கண்டிப்பா இருப்பாங்களா?" அம்மாக்கள் கேட்பது "சாப்பாடு எப்படி?" கேட்க வேண்டியது இவை இரண்டும் அல்ல, நேரம். கத்தோலிக்க போர்டிங்குகளில் வழக்கமாக விடிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். கத்தோலிக்கப் பையன்கள் பூசைக்கு, மற்றவர்கள் ஸ்டடிக்கு. குழாயடியில் வாளியோடு வரிசை. எவர்சில்வர் தட்டைத் தானே கழுவி, பெயர் எழுதிய இடத்தில் கவிழ்க்க வேண்டும். பள்ளி முடிந்தால் விளையாட்டு கட்டாயம். பிறகு குளியல், ஸ்டடி, ஜெபமாலை, சாப்பாடு, மறுபடியும் ஸ்டடி. சனிக்கிழமை சட்டை துவைக்கும் கல்லில் சண்டை நடக்கும். போன் கிடையாது. ஜூன், ஜூலையில் பாதிப் பேர் ராத்திரி அழுவார்கள். விசிட்டிங் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் அம்மா கட்டி வந்த கோழிக்குழம்பை நாலு பேரோடு பங்கு போட்டுத் தின்னத் தொடங்கிவிட்டான் என்றால், பையன் தேறிவிட்டான் என்று பொருள். தானாக எழுந்து, தானாகத் துவைத்து, தானாகப் படிக்க உட்காரும் அந்தப் பழக்கம்தான் கல்லூரிக்கு உண்மையான தயாரிப்பு. நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் படிப்பு நேரம் இதைவிட அதிகம், ஆனால் மைதானத்து நேரம் குறைவு. பதினோராம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடமே நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்ததால்தான் 2017–18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025–26 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. எனவே எந்தப் பள்ளியாக இருந்தாலும், "பிளஸ் ஒன் பாடம் முழுசா நடத்துவீங்களா ஃபாதர்?" என்று நேராகவே கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

மதம் பற்றி இந்து, முஸ்லிம் பெற்றோருக்கு ஒரு தயக்கம் இருக்கும். கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடப்பது பழைய ஏற்பாடு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவே சொல்கிறது. சேர்க்கையில் கத்தோலிக்கருக்கு முன்னுரிமை இருக்கும், சிறுபான்மைப் பள்ளிக்கு அது உரிமை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடமும் அங்கே கிடைக்காது. உச்ச நீதிமன்றம் 2014இல் சிறுபான்மைப் பள்ளிகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் கண்டு, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இயேசு சபைத் துறவிதான். இந்த மண்ணுக்கு இவர்கள் அந்நியர் அல்ல என்பதை மட்டும் தயங்குகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

பணத்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "எய்டட் ஸ்கூல், ஃபீஸ் கம்மி" என்று போவார்கள். ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஆங்கில வழி பெரும்பாலும் சுயநிதியில் வரும். உங்கள் பையனின் பெயர் எந்தப் பிரிவில் ஏறுகிறது என்று அட்மிஷன் ரசீது வாங்கும் முன் கேளுங்கள். போர்டிங் கட்டணம் தனி.

என் தீர்ப்பு இது. அரசுப் பள்ளியில் படிக்கும், நீட் அல்லது பொறியியல் நோக்கும் பையன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், முடிந்தால் மாதிரிப் பள்ளிக்குப் போகட்டும். ஆறாம் வகுப்புக்கு வெளியே அனுப்பத் துணிந்த வீட்டுக்கு வரதராஜன்பேட்டை. காமர்ஸோ கலையோ படித்து, அப்படியே திருச்சியில் கல்லூரிக்கும் போக நினைக்கும் துணிச்சலான பையனுக்குப் பிளஸ் ஒன்னில் ஜோசப். ஆங்கிலம்தான் முக்கியம், செலவும் தாங்கும் என்றால் கேம்பியன், அதுவும் சின்ன வகுப்பிலேயே.

எதுவானாலும் முடிவு வரும் மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு வேலை நாளில், நாலரை மணி விளையாட்டு நேரத்துக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனைக் கொஞ்சம் தனியே விட்டு, அங்கே படிக்கும் பையன்களோடு பேச விடுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டு டி.சி. வாங்குங்கள்.